நீலக் கரைத் துண்டு

டைப்பம்மாவுக்கு எழுத்து கை வந்த கலை என்று தெருவில் எல்லாரும் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். பதிவு அலுவலகத்துக்கு எதிர் வரிசையில், ஜெராக்ஸ் மெஷின் போக மிச்சமிருக்கிற இடத்தில் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு, பதினான்கு வருடமாக மற்றவர்களுடைய கஷ்டங்களை அடித்துக் கொடுக்கிறாள். குழாய் உடைந்ததா, பத்திரம் தொலைந்ததா, பக்கத்து வீட்டுக்காரன் சுவரை ஒரு அடி தள்ளிக் கட்டிவிட்டானா, எல்லாவற்றுக்கும் அவளிடம் வாசகம் தயார். 'மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகி', 'வேறு போக்கிடமின்றி', 'தங்களின் மேலான கருணையை நாடி'. பெயரையும் தேதியையும் மாற்றினால் தீர்ந்தது வேலை. வந்தவர்கள் அதைப் படித்துப் பார்த்துக் கண் கலங்கிப் போவார்கள். உடைந்த குழாய்க்குப் பின்னால் தங்களுக்கு இவ்வளவு துக்கம் இருந்தது அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும்.

அதனால் சொந்த வீட்டிலேயே ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டி வந்தபோது அவள் பயப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தாள். வெளியே விடாத மழை. உலராத துணிகளெல்லாம் கூடத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே அவள் புருஷன், மூன்று வாரமாக வேலைக்குப் போகாத மனிதர், கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

அவர் சலவை ஆலையில் ரோலர்காரர். ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரிகளின் விரிப்புகளெல்லாம் அங்கேதான் வெளுத்து, தேய்த்து, மடித்துப் போகும். ஈர விரிப்பின் ஒரு மூலையை அவர் பிடிக்க, மறு மூலையை ஒரு பெண் பிடிக்க, இரண்டு பேருமாகச் சூடான ரோலரின் வாய்க்குக் கொடுப்பார்கள். பதினொரு வருடமாக அந்த மறு மூலையைப் பிடித்தவளுக்கு ஆலையில் எதிர்மூலை என்றே பெயர். வயதில் மூத்தவள் என்பதால் இவருக்கு அவள் எதிர்மூலை அக்கா. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில், ரோலர் விரிப்போடு சேர்த்து அவளுடைய வலது கையையும் இழுத்துவிட்டது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மிச்சக் கை வெந்துபோயிருந்தது.

இப்படி நடக்கக் கூடாதென்றுதான் ரோலரின் வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி வைத்திருக்கிறார்கள். விரல் பட்டால் போதும், ரோலர் நின்றுவிடும். அன்றைக்கு அது நிற்கவில்லை. கம்பியை யாரோ துணியால் தூக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டியது ரோலர்காரர்தான் என்று நிர்வாகம் சொன்னது. செவ்வாய்க்கிழமை விசாரணை. தன் பக்கத்தை எழுத்தில் கொடுக்கலாம், துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று நோட்டீஸ் வந்திருந்தது. தப்பு அவர்மேல் என்று முடிவானால் வேலை போய்விடும். அது மட்டுமில்லை, கூட வேலை செய்தவளின் கையைப் பறித்த ஆள் என்கிற பெயர் அவர் போகிற ஆலைக்கெல்லாம் அவருக்கு முன்னால் போய் நிற்கும்.

முதல் நாளிலிருந்து அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். தான் ஷிப்டுக்கு வரும்போதே கம்பி கட்டித்தான் இருந்தது, முந்தின ஷிப்டுக்காரர்கள் கட்டியிருப்பார்கள். இதை அவர் அடித்துச் சொன்னார். டைப்பம்மாவும் நம்பினாள்.

ஒரு மணி நேரத்தில் நாலு பக்கம் ஓடிவிட்டது. உரக்கப் படித்தாள். ஏழைத் தொழிலாளி வந்தார், நாணயம் வந்தது, நெஞ்சம் பதறியது, எதிர்மூலை அக்கா அலறித் துடித்தார், குடும்பம் நடுத்தெருவில் நின்றது. அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்த நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். செருப்புக் கடையில் வேலை செய்கிற அவளுக்குச் சாதாரணமாக அழுகை வராது.

ரோலர்காரர் தலையை ஆட்டினார். நன்றாக இருக்கிறது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அவங்க அலறவே இல்லையே" என்றார்.

டைப்பம்மாவுக்குச் சுருக்கென்றது. கை ரோலருக்குள் போனால் அலறாமல் என்ன செய்வார்கள் என்று கேட்டாள்.

"'தம்பி, நிறுத்து'ன்னாங்க. ஒரே ஒரு தடவை. பதறாம, டீ குடிக்கக் கூப்பிடற மாதிரி சொன்னாங்க. நான் விரிப்பு சுருட்டிக்கிச்சு போலன்னு நெனச்சுத்தான் திரும்பினேன்."

டைப்பம்மா தன் நாலு பக்கத்தைப் பார்த்தாள். அதில் எவ்வளவோ கண்ணீர் இருந்தது. ஆனால் டீ குடிக்கக் கூப்பிடுவது போல் வந்த இந்த ஒரு வார்த்தைக்கு அந்த நாலு பக்கத்தில் எந்த வரியும் ஈடாகவில்லை. தான் எழுதியிருப்பது எந்த ஆலைக்கும், எந்தக் கைக்கும், எந்தக் குழாய்க்கும் பொருந்தும் என்பது அவளுக்குப் புரிந்தது. பதினான்கு வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தோமா என்று வெட்கமாகக்கூட இருந்தது. அவள் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடுகிற ஜாதியில்லை. நாலு பக்கத்தையும் நீளவாக்கில் கிழித்து நாத்தனாரிடம் கொடுத்து அடுப்படி மேடையைத் துடைக்கச் சொன்னாள்.

"மொதல்லேருந்து சொல்லுங்க. நான் அந்த ஆலைக்குள்ள கால் வெச்சதே இல்ல. விசாரிக்க வர்றவங்களும் வெச்சிருக்க மாட்டாங்க. எனக்கு அந்த எடம் தெரியணும்."

இந்த மனிதரிடமிருந்து பேச்சை வாங்குவது லேசான காரியமில்லை. எதைக் கேட்டாலும் 'வழக்கம்போலத்தான்' என்பார். எது வழக்கம் என்று கேட்டால், 'தெனமும் நடக்கறதுதான்' என்பார். கல்யாணம் ஆன புதிதில் இதை அடக்கம் என்று நினைத்து அவள் பெருமைப்பட்டிருக்கிறாள். பிறகு பழகிவிட்டது. இன்றைக்கு விடுவதாக இல்லை. தரை எப்படி இருந்தது, காலில் என்ன போட்டிருந்தார், நீராவி சத்தத்தில் பேச்சு கேட்குமா, கேட்காவிட்டால் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

பேசிக்கொள்வதே இல்லையாம். விரிப்பை இழுக்கிற இழுப்பிலேயே தெரிந்துவிடுமாம். அக்கா இரண்டு தரம் சுண்டினால் துணியில் கிழிசல் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு தரம் தளர்த்தினால் கொஞ்சம் நில் என்று அர்த்தம். பதினொரு வருடத்தில் அந்த விரிப்பு வழியாகவே இரண்டு பேரும் எல்லாம் பேசியிருக்கிறார்கள். சொல்லும்போது அவருடைய கைகள் தாமாகவே உயர்ந்து, இல்லாத ஒரு துணியின் மூலையைப் பிடித்துக்கொண்டன. டைப்பம்மா அதைப் பார்த்துக்கொண்டே எழுதினாள்.

நிறுத்துகிற சிவப்பு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். மறுபக்கச் சுவரில். போகிற வழியில் என்ன இருந்தது? மூன்று தள்ளுவண்டி, நிறைய ஈரத் துணி. இரண்டைத் தள்ளிவிட்டு மூன்றாவதன்மேல் ஏறிக் குதித்திருக்கிறார். வண்டிகளை ஏன் அங்கே விட்டார்கள்? வேறெங்கே விடுவது, இடமே கிடையாது.

"சரி, கம்பியை எதுக்குத் தூக்கிக் கட்டுறாங்க? அதுவும் வழக்கமா?"

அதுவும் வழக்கம்தான். நாலு ரோலரிலும் கட்டுவார்கள், வெளியிலிருந்து யாராவது பார்வையிட வந்தால் அவிழ்ப்பார்கள். விரிப்பின் கரை தடிமனாக இருந்தால் கம்பியைத் தட்டிவிடும், ரோலர் நின்றுவிடும். நின்ற இடத்தில் துணி கருகிப் பழுப்புக் கோடு விழும். அப்படிக் கோடு விழுந்தால், சூப்பர்வைசர் வந்து அந்த விரிப்பை எடுத்து, கொடுத்த ஆளின் தோளில் போட்டுவிடுவார். டீ மணி அடிக்கும்வரை அதோடுதான் வேலை பார்க்க வேண்டும். ஆலையில் இதற்குப் பொன்னாடை என்று பெயர்.

"உங்களுக்குப் போட்டிருக்காரா?" என்றாள்.

"எல்லாருக்கும்தான்."

"அன்னைக்கு?"

"அன்னைக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் மழையைப் பார்த்தார். புருஷனின் தோளில் கருகின துணி கிடப்பதை அவள் மனசுக்குள் பார்த்தாள். வீட்டுக்கு வந்து ஒருநாளாவது சொல்லியிருக்கிறாரா இந்த மனிதர் என்று கோபம் வந்தது. எழுதினாள்.

அன்றைக்குக் கம்பியை எதைக் கொண்டு கட்டியிருந்தார்கள் என்று கேட்டாள். விரிப்பிலிருந்து உரித்த கரைத் துண்டு என்றார். என்ன நிறம்? நீலக் கரை. ரோலர் அன்றைக்கு மட்டும் ஏன் அவ்வளவு தடவை நின்றது? புது ஆஸ்பத்திரித் துணி, நீலக் கரையை இரட்டையாக மடித்து விரல் கனத்துக்குத் தைத்திருந்தார்கள், அதற்கு முன்னால் வெறும் வெள்ளைதான் வரும், நீலக் கரையின் முதல் வண்டியே அன்றைக்குக் காலையில் ஷிப்ட் தொடங்கிய பிறகுதான் வந்தது.

எழுதிக்கொண்டே போனவள் நிறுத்தினாள். மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"ஏங்க, நீலக் கரை அன்னைக்குக் காலைலதான் வந்துச்சுன்னா, முந்தின ஷிப்டுக்காரங்க கையில அது எப்படிக் கெடச்சுது?"

அவர் தலைக்குமேல் தொங்கிய ஈரத் துணி ஒன்றை இழுத்து நேராக்கினார். நாத்தனார்தான் அடுப்படி வாசலிலிருந்து சொன்னாள். "நீலத்தை அடிச்சுட்டு வெள்ளைன்னு போடுங்க அண்ணி. யாரு போய்ப் பார்க்கப் போறாங்க."

நீலத்தை வெள்ளையாக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? கடையில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பூசி மெழுகிக் கொடுத்திருக்கிறாள். ஆனால் இப்போது அவளால் முடியவில்லை. நீராவியும், ஈரத் தரையும், மூன்று வண்டியும், தோளில் கிடந்த துணியும் தத்தம் இடத்தில் வந்து நின்றுவிட்டன. அவற்றின் நடுவில் அந்த ஒரு பொய் மட்டும் நிற்க இடமில்லாமல் தடுமாறியது. படிக்கிறவர்கள் கையை நேராக அங்கேதான் வைப்பார்கள்.

"நீங்கதான் கட்டினீங்களா?" என்றாள்.

"ஆமா."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். பொய்யை எழுதி எல்லார் முன்னாடியும் நீட்டியிருப்பேன்."

அதற்கப்புறம்தான் அவர் பேசினார். அவளுக்குத் தெரிந்து அவர் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். எட்டு மணிக்குள் ஆறு தடவை நின்றது, ஆறாவது விரிப்பு தோளுக்கு வந்தது, கிழிந்த விரிப்பு ஒன்றிலிருந்து கரையை உரித்துக் கம்பியைக் கட்டினார். அது பத்தடிக் கம்பி, தூக்கிப் பிடித்துக்கொண்டே ஒரு ஆள் கட்ட முடியாது. அக்கா பிடித்துக்கொண்டாள். கட்டும்போது சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தார்கள். "இன்னும் இழுத்துக் கட்டு, நழுவுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அரைமணி நேரத்தில் கை போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அக்கா முதலில் சொன்னது, நான் எதையும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே என்பதுதான். கம்பியைப் பிடித்தது தெரிந்தால் தன்மேலும் தப்பு வரும் என்று அவளுக்குப் பயம், கட்டியது தெரிந்தால் தம்பியின் வேலை போகும் என்று அதைவிடப் பயம். நிர்வாகம் கேட்டபோது ஒன்றும் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டாள்.

டைப்பம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். கட்டியதை மறைக்கப் போய், கட்டச் சொன்ன வாயையும் சேர்த்து மறைத்து வைத்திருக்கிறார்கள் இரண்டு பேரும். நாத்தனாருக்கு அது உறைக்கவில்லை. ஒப்புக்கொண்டால் அண்ணனை அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள் என்றாள். அப்படியும் நடக்கலாம். டைப்பம்மாவுக்கும் அது தெரியும். பேனாவைப் புருஷன் பக்கம் நீட்டி, முடிவு உங்களுடையது, உங்கள் பெயரில் போகிற கடிதம் என்றாள்.

அவர் பேனாவை வாங்கிப் பார்த்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தார். மழை சற்று வெறித்திருந்தது.

"எழுது" என்றார். "நான் கட்டினேன்னு எழுது. சூப்பர்வைசர் சொன்னதையும் எழுது. அக்கா பிடிச்சதை மட்டும் எழுதாத."

"அதை விட்டா அங்க ஓட்டை விழும். ஒரு ஆள் எப்படிக் கட்டினான்னு படிக்கிறவங்க நிப்பாங்க."

"நிக்கட்டும். அதைச் சொல்றதுக்கு நான் யாரு?"

அவள் மறுக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து, சாயங்காலம் விளக்கு போடும்வரை எழுதினாள். நெஞ்சம் பதறியது என்று பழக்கத்தில் கை தானாகப் போகும், பிடித்து இழுத்து அடிப்பாள். பதறியதைச் சொல்லாமல் மூன்று வண்டியைச் சொன்னாள். கடைசியில் ஒன்றரைப் பக்கம்தான் தேறியது. அவர் படித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டார். நாத்தனார் மட்டும், இவ்வளவு எழுதியும் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லையே அண்ணி என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆலையின் மாடி அறையில் விசாரணை. ஒரு நீள மேசை, ஒரு பக்கம் மேனேஜரும் சூப்பர்வைசரும், நடுவில் வெளியிலிருந்து வந்திருந்த விசாரணை அதிகாரி, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள். கீழே ரோலர்கள் ஓடுகிற அதிர்வில் மேசைமேல் இருந்த டம்ளர் தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருந்தது. அதிகாரியின் முன்னால் ஒரு தாள் தயாராக இருந்தது. தலைகீழாகப் பார்த்தாலும் டைப்பம்மாவுக்கு விளங்கியது. வேலை நீக்க உத்தரவு, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். பதினான்கு வருடம் இப்படித் தாள்களை அடித்தவளுக்கு அந்த ஓரத்து இடைவெளி எவ்வளவு என்றுகூடத் தெரியும். முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

எதிர்மூலை அக்கா சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கைவரை கட்டுப் போட்டு மடியில் கிடந்தது. ரோலர்காரரைப் பார்த்ததும் தலையை லேசாக இடவலமாக ஆட்டினாள். சொல்லிவிடாதே என்று பொருள்.

அதிகாரி கடிதத்தைப் பிரித்து, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். தினமும் இப்படி எத்தனையோ வாசிக்கிறவரின் அலுத்த குரல்.

"மூன்றாம் ரோலரில் ஏழு மணிக்கு நின்றேன். தரை ஈரமாக இருந்தது. புது ஆஸ்பத்திரியின் முதல் வண்டி அன்று காலையில் வந்தது. அதன் விரிப்புகளுக்கு நீலக் கரை, விரல் கனம். கரை கம்பியைத் தட்டத் தட்ட ரோலர் நின்றது. எட்டு மணிக்குள் ஆறு முறை நின்றது. ஆறாவது விரிப்பில் பழுப்புக் கோடு விழுந்தது. அதை என் தோளில் போட்டார்கள். அது இன்னும் சூடாக இருந்தது. அதற்குப் பிறகு கம்பியை நான் நீலக் கரைத் துண்டால் கட்டினேன்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மேனேஜர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஒப்புக்கொண்டுவிட்டானே, அப்புறம் என்ன விசாரணை என்கிற தோரணை. அதிகாரி மேலே வாசித்தார். பின்னால் வந்து நின்றவர் சொன்ன வார்த்தை வந்தது. சூப்பர்வைசர் நாற்காலியை நகர்த்தினார். பதறாமல் சொன்ன 'தம்பி, நிறுத்து' வந்தது. அதிகாரியின் குரலில் அலுப்பு எங்கோ விட்டுப்போயிருந்தது. முதல் வண்டி, இரண்டாவது வண்டி, மூன்றாவதன்மேல் ஏறியது. அங்கே வாசிப்பதை நிறுத்தி, சுவரைப் பார்த்தார். அந்தச் சுவிட்ச் எட்டாத தூரத்தில் இருப்பது போல அவருடைய கை மேசைமேல் கொஞ்சம் முன்னால் நகர்ந்திருந்தது. தான் எழுதியது ஒரு வேற்று மனுஷியை அந்த ஈரத் தரையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது டைப்பம்மாவுக்குத் தெரிந்தது.

சூப்பர்வைசர், நான் அப்படிச் சொல்லவே இல்லை, அந்த நேரத்தில் மடிப்புப் பக்கம் இருந்தேன் என்றார். பிடி கொடுக்காமல் நிதானமாகத்தான் சொன்னார்.

அதிகாரி கம்பி எத்தனை அடி என்று கேட்டார். மேனேஜர் பத்து என்றார்.

"பத்தடிக் கம்பியை ஒரே ஆள் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே கட்ட முடியாது" என்றார் அதிகாரி, ரோலர்காரரைப் பார்த்து. "யார் பிடிச்சது?"

"அதை எழுதலைங்க."

"எழுதலைன்னு தெரியுது. அதனாலதான் கேக்கறேன்."

"கட்டினது நான். அவ்வளவுதாங்க."

அவர் அதற்குமேல் வாயைத் திறக்க மாட்டார் என்று டைப்பம்மாவுக்குத் தெரியும். ஓட்டையில் வந்து நின்றுவிட்டார்கள். இதை வைத்தே மொத்தமும் கட்டுக்கதை என்று சொல்லிவிடலாம். மேனேஜர் அந்தத் தயாரான தாளை அதிகாரியின் பக்கம் மெல்ல நகர்த்தவும் செய்தார். டைப்பம்மா சுவரோரம் திரும்பவேயில்லை. திரும்பினால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும், அதைச் செய்ய அவளுக்கு மனசில்லை.

"நான் பிடிச்சேன்."

அக்கா எழுந்து நின்றிருந்தாள். கட்டுப் போட்ட கையை இடது கையால் தாங்கி, எல்லாரும் பார்க்கும்படி உயர்த்தினாள்.

"இந்தக் கையாலதான் பிடிச்சேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. இவரு மடிப்புப் பக்கம் இல்ல, தம்பிக்குப் பின்னாலதான் நின்னாரு. 'இன்னும் இழுத்துக் கட்டு, நழுவுது'ன்னாரு. அவரு சொன்னப்புறம் நான் இன்னும் கொஞ்சம் தூக்கிக் குடுத்தேன்."

சூப்பர்வைசர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் டம்ளரைப் பார்த்தார்.

அதிகாரி அந்தத் தாளை எடுத்து மேனேஜர் பக்கமே திருப்பித் தள்ளினார். "இதைக் கொண்டுபோங்க. இதுல நான் கையெழுத்துப் போடப் போறதில்ல. நாலு ரோலரையும் இப்பவே நிறுத்தச் சொல்லுங்க, நான் கீழ வந்து பார்க்கணும்." பிறகு அக்காவிடம், சொன்னதை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றார்.

அக்கா தன் கையைப் பார்த்தாள். பிறகு டைப்பம்மாவைப் பார்த்தாள். டைப்பம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டாள். கீழே ரோலர்கள் ஒவ்வொன்றாக நின்றன. இவ்வளவு அமைதியாக அந்தக் கட்டடம் எப்போதாவது இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

"என்னம்மா சொல்லணும் நான்?" என்றாள் அக்கா. "எனக்குக் கோர்வையா வராது."

"கோர்வையா வேண்டாங்கக்கா. கம்பியைத் தூக்கிப் பிடிச்சப்ப கனமா இருந்துச்சா?"

அக்கா யோசித்தாள். இடது கையை மேலே கொண்டுபோய், இல்லாத கம்பியைத் தாங்கிப் பார்த்தாள்.

"இல்ல. லேசாத்தான் இருந்துச்சு."

டைப்பம்மா அதை முதல் வரியாக எழுதினாள்.